‘டை போட்டா கிட்னி போயிடுமா டாக்டர்?’

மாரடைப்பு வந்தவரை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில், வெளியே நிற்கும் மகனின் கையில் ஒரு தாள் வந்து சேரும். “ஆஞ்சியோ பண்ணணும். அப்பாவுக்கு ஏற்கெனவே கிரியாட்டினின் அதிகம். டை போட்டா கிட்னி இன்னும் பாதிக்கலாம், டயாலிசிஸ் வரைக்கும்கூடப் போகலாம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க.”

ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாயைப் படமெடுக்கச் செலுத்தும் சாயம்தான் டை. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஆஞ்சியோ செய்யாமல் விட்டால் என்ன ஆகலாம் என்பதற்கு அந்தத் தாளில் பெரும்பாலும் இடமிருக்காது. மகன் ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போடுகிறார். “நம்ம தெருவுலயே ஒருத்தருக்கு ஆஞ்சியோ பண்ணித்தான்டா கிட்னி போச்சு. மாத்திரையிலயே பாக்கச் சொல்லு” என்கிறார் சித்தப்பா. பேசி முடிக்க அரை மணி நேரம். அடைபட்ட குழாயை நம்பியிருக்கும் இதயத் தசை அந்த அரை மணி நேரமும் செத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தப் பயம் சித்தப்பாக்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க சிறுநீரக மருத்துவர் கிளென் செர்டோவும் அவருடன் பணியாற்றியவர்களும், மாரடைப்பு வந்த முதியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஞ்சியோகிராம் செய்யத் தகுந்தவர்கள் என்று கருதப்பட வேண்டியவர்களிலேயே, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது வெகு குறைவாகச் செய்யப்பட்டிருந்தது. செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. இந்தப் போக்குக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரீனலிசம்’. இனவாதம் என்பதைப் போல ‘சிறுநீரகவாதம்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். கேட்கக் கிண்டலாக இருந்தாலும் விஷயம் கிண்டல் இல்லை.

அதே ஆண்டில் வட கலிஃபோர்னியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று வெளியானது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிக்குக் கீழே இறங்க இறங்க, மரணமும் இதய நோயும் படிப்படியாக ஏறுவதை அது காட்டியது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் டயாலிசிஸ் கட்டத்தை எட்டுபவர்களைவிட, அதற்கு முன்பே இதயமோ ரத்தக்குழாயோ கெட்டு இறப்பவர்கள்தான் அதிகம். காரணங்கள் பல. உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இரண்டு உறுப்புகளுக்கும் பொது எதிரிகள். சிறுநீரகம் வெளியேற்றத் தவறும் பாஸ்பேட், கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பாகப் படிகிறது. ரத்தசோகை இதயத்தை ஓயாமல் ஓட வைக்கிறது, இடது கீழறைச் சுவர் தடித்துப் போகிறது. மாரடைப்பு அபாயம் யாருக்கு அதிகமோ, அவர்களுக்கே மாரடைப்புச் சிகிச்சை குறைவாகக் கிடைக்கிறது. நாம் பேசப்போகும் நம்பிக்கைகள் ஒவ்வொன்றும் இந்த முரணுக்குத் தன் பங்கைச் செலுத்துகின்றன.

“நெஞ்சு வலிக்கலையே, கேஸ் டிரபிளா இருக்கும்”

சினிமாவில் மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு அந்தக் காட்சி பல நேரம் வருவதே இல்லை. மாரடைப்போடு அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் தேசியப் பதிவேட்டை வைத்து 2007-இல் வெளியான ஆய்வு இது: டயாலிசிஸ் செய்துகொள்ளாதவர்களில் 68 விழுக்காட்டினருக்கு நெஞ்சுவலி இருந்தது. டயாலிசிஸ் நோயாளிகளில் 44 விழுக்காட்டினருக்கே இருந்தது. அதாவது பாதிப் பேருக்கு மேல் வலியில்லாத மாரடைப்பு. இ.சி.ஜி.யில் ‘எஸ்.டி. ஏற்றம்’ என்கிற தெளிவான அடையாளமும் 36-க்கு 19 விழுக்காடு என்று பாதியாக இருந்தது. விளைவு என்னவென்றால், டயாலிசிஸ் நோயாளிகளில் 45 விழுக்காட்டினருக்குச் சேர்க்கும்போது எழுதப்பட்ட நோய் மாரடைப்பே அல்ல, வேறு ஏதோ. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 21 விழுக்காடு. மற்றவர்களில் அது 12-ஐத் தொடவில்லை.

வலிக்குப் பதிலாக என்ன வரும்? மூச்சுத்திணறல்தான் முதலிடம். படுத்தால் இரைப்பு, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம். சிலருக்கு வாந்தி, குப்பென்று வியர்வை, காரணமில்லாத அசதி, டயாலிசிஸ் நடுவே திடீரென்று ரத்த அழுத்தம் சரிவது. இவை ஒவ்வொன்றுக்கும் சிறுநீரக நோயாளியிடம் தயாரான வேறு விளக்கம் இருக்கும். “தண்ணி அதிகமாயிடுச்சு”, “யூரியா ஏறியிருக்கும்”, “நேத்துச் சாப்பிட்டது ஒத்துக்கலை” என்பார்கள். பல வருடச் சர்க்கரை நோய் நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தால் வலி மூளைக்குப் போய்ச் சேரும் வழியே பழுதாகியிருக்கும். அப்புறம் சோடா குடிப்பது, ஓமவாட்டர் குடிப்பது, மருந்துக்கடையில் ஜெலுசில் கேட்பது என்று இரவு கழிந்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவருக்குப் புதிதாக, காரணம் புரியாமல் மூச்சு வாங்கினால் முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி.

அந்த இ.சி.ஜி.யும் ஏமாற்றக்கூடியதுதான். தடித்த இதயச் சுவரும் கோடுகளை மாற்றும். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினாலும் மாறும், சில வேளை மாரடைப்பைப் போலவே காட்டும். ஒப்பிட ஒரு பழைய இ.சி.ஜி. இருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்த மாதிரி. டயாலிசிஸ் கோப்பில் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் இ.சி.ஜி. தாளைத் தொலைத்துவிடுவது ஏனென்று எனக்கு இன்னும் புரிந்ததில்லை.

“கிட்னி நோயாளிக்கு ட்ரோபோனின் எப்பவுமே ஏறித்தான் இருக்கும்”

இது பொதுமக்களின் நம்பிக்கை அல்ல, மருத்துவமனைக்குள் புழங்கும் நம்பிக்கை. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் ட்ரோபோனின். மாரடைப்பை உறுதிசெய்ய அதைத்தான் அளக்கிறார்கள். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலருக்கு மாரடைப்பு இல்லாதபோதும் அது இயல்பைவிட உயர்ந்திருக்கும் என்பது உண்மை. அதிலிருந்து “இவருக்கு இது சகஜம்” என்று தாளை மடித்து வைப்பதுதான் தவறு.

பார்க்க வேண்டியது ஒற்றை எண்ணை அல்ல, அது நகர்கிறதா என்பதை. உயர் உணர்திறன் ட்ரோபோனின் டி சோதனையில் இயல்பின் மேல் எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம். ஒருவர் 60-உடன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் கழித்து 62 என்றால் அது பெரும்பாலும் அவருடைய பழைய சேதத்தின் தொடர்ச்சி. 60 என்பது 140 ஆகியிருந்தால் இப்போது, இந்த நிமிடம், இதயத் தசை சாகிறது. ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அளவு 20 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் புதிய சேதம் என்று கொள்வது நடைமுறை. சற்றுப் பொறுத்து எடுக்கும் இரண்டாவது ரத்தச் சோதனைக்கு “இன்னொரு தடவை எதுக்கு ஊசி, பில்லை ஏத்தவா?” என்று சண்டை போட வேண்டாம். சிறுநீரக நோயாளியைப் பொறுத்தவரை முதல் சோதனையைவிட இரண்டாவதுதான் முக்கியம்.

ஏறியபடியே நிலைத்திருக்கும் ட்ரோபோனினும் பொருளற்றதல்ல. ‘கிட்னி அதை வெளியேற்றாததால் தேங்குகிறது’ என்று மட்டும் சொல்லித் தள்ள முடியாது. இதயம் மெல்ல மெல்லத் தேய்கிறது என்பதன் அடையாளம் அது. அப்படி நிலைத்திருப்பவர்களுக்கு வரும் ஆண்டுகளில் ஆபத்து அதிகம்.

“கிரியாட்டினின் 1.4 தானே, பெருசா ஒண்ணுமில்லை”

ஒரு சின்னக் கணக்கு. 30 வயது இளைஞர், எடை 80 கிலோ, கிரியாட்டினின் 1.4. எழுபத்தைந்து வயதுப் பாட்டி, எடை 50 கிலோ, அவருக்கும் கிரியாட்டினின் அதே 1.4. 1976 முதல் புழக்கத்தில் இருக்கும் காக்கிராஃப்ட்–கால்ட் வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். இளைஞருக்கு நிமிடத்துக்குச் சுமார் 87 மில்லி வருகிறது. பாட்டிக்கு 27. ஒரே எண்தான், ஆனால் ஒருவரின் சிறுநீரகம் ஏறக்குறைய நன்றாக இருக்கிறது, மற்றவருடையது கடுமையாகப் பழுதடைந்திருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை வற்றிய முதியவரின் உடலில் அது உற்பத்தியாவதே குறைவு. அதனால் ரத்தத்தில் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவே.

இது பாடப்புத்தகக் கணக்கு மட்டுமல்ல. மாரடைப்பு வந்தவுடன் தொப்புளைச் சுற்றிப் போடுகிறார்களே, ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசி, அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் நாளுக்கு ஒரே முறை. நம் பாட்டிக்கு 50 மில்லிகிராம் ஒரு வேளை போதும். ‘1.4 தானே’ என்று இரு வேளையும் போட்டால் மருந்து தேங்கி, மூன்றாம் நாள் மலம் கறுத்துப் போகும், அல்லது ஆஞ்சியோ குழாய் நுழைத்த தொடை வீங்கும். அப்போது எல்லோரும் சொல்லப்போவது, “கிட்னிக்காரங்களுக்கு ரத்தம் இளக்குற மருந்து ஆகாதுன்னு அப்பவே சொன்னேனே.”

“கிட்னிக்காரங்களுக்கு ரத்தம் இளக்குற மருந்து ஆகாது”

பல வேளைகளில் ஆகாதது மருந்து அல்ல, அளவு. 2005-இல் அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து 30,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைப் பார்த்தபோது, இந்த வகை மருந்துகளைப் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு மருந்தின் முதல் அளவே பரிந்துரைத்ததைவிடக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. முதியவர்கள், பெண்கள், எடை குறைந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள். நம் பாட்டியிடம் இந்த நான்கும் உண்டு.

சிறுநீரக நோயில் ரத்தத்தின் நடத்தை விசித்திரமானது. ரத்தத்தில் தேங்கும் கழிவுகளால் தட்டணுக்கள் சரியாக ஒட்டுவதில்லை, ரத்தம் கசியும். அதே உடலில் ரத்தக்குழாய்ச் சுவர் புண்பட்டு, உறையச் செய்யும் காரணிகள் மிகுந்து, கட்டியும் எளிதில் உருவாகும். ஒழுகும் குடத்தில் அடைப்பும் இருக்கும் நிலை. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து மருந்தை மறுப்பது பாதிக் கண்ணால் பார்ப்பது.

எதற்கு அளவைக் குறைக்க வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது தெரிந்த விஷயம்தான். ஆஸ்பிரினுக்கும் குளோபிடோக்ரெலுக்கும் டிகாக்ரெலருக்கும் சிறுநீரகத்துக்காக அளவைக் குறைக்க வேண்டியதில்லை. சாதாரண ஹெப்பாரின் சிறுநீரகத்தைச் சார்ந்து வெளியேறுவதில்லை என்பதால் கடுமையான நோயிலும் கைகொடுக்கும். எனாக்ஸாபாரின் கணக்கை மேலே பார்த்தோம். ஃபாண்டாபாரினக்ஸ், திறன் 20-க்குக் கீழே போனால் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல், அமெரிக்கர்கள் 30-லேயே நிறுத்திவிடுகிறார்கள். டிரோஃபிபான், எப்டிஃபிபடைடு போன்ற சொட்டு மருந்துகளைக் குறைத்தாக வேண்டும். எப்டிஃபிபடைடு டயாலிசிஸ் நோயாளிக்குக் கூடவே கூடாது.

குளோபிடோக்ரெலை அதைவிட வீரியமான டிகாக்ரெலரோடு ஒப்பிட்ட ‘பிளேட்டோ’ ஆய்வின் சிறுநீரகப் பகுதி 2010-இல் வெளியானது. வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே இருந்தவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை குளோபிடோக்ரெல் பிரிவில் 22 விழுக்காடு, டிகாக்ரெலர் பிரிவில் 17.3. பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களைவிட இவர்களுக்கு அந்த மருந்தால் கிடைத்த பலன் கூடுதலாகவே தெரிந்தது. ஒரு தொல்லை உண்டு. டிகாக்ரெலர் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் நோயாளியிடம் அது எதனால் என்று பிரித்தறிவது மருத்துவருக்குத் தலைவலி.

தமிழ்நாட்டில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் கொடுத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். “எனக்குக் கிட்னி பிரச்சினை, இத்தனை மாத்திரை வேண்டாம்” என்று அங்கே தயங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த மூன்றுமே சிறுநீரகத்துக்காக அளவைக் குறைக்கத் தேவையில்லாதவை. ஒவ்வாமையோ, இப்போது எங்காவது ரத்தக்கசிவோ இருந்தால் சொல்லிவிடுங்கள். அது வேறு.

“டை போட்டா கிட்னி போயிடும்”

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்.

பயத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் பயன்படுத்திய அயோடின் டைகள் ரத்தத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல் சவ்வூடு அழுத்தம் கொண்டவை. சிறுநீரகக் குழாய்களை அவை வாட்டி எடுத்தன. இன்று புழங்குபவை இரண்டு, மூன்று மடங்குதான். அயோடிக்ஸனால் என்பது ரத்தத்துக்குச் சமமானது. மருந்து மாறியும் அச்சம் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

இரண்டாவது, ஆஞ்சியோவுக்குப் பின் கிரியாட்டினின் ஏறினால் பழி முழுவதும் டை மேல் விழுகிறது. மாரடைப்பு வந்த இதயம் சரியாக இறைக்காதபோது சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதே குறையும். அழுத்தம் சரியும். மகாதமனியில் ஒட்டியிருந்த கொழுப்புத் துகள்கள் குழாய் உரசி உதிர்ந்து சிறுநீரகத்தில் போய்ச் சிக்கவும் வாய்ப்புண்டு. இஸ்ரேலில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, மாரடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களையும் டையே படாமல் சிகிச்சை பெற்றவர்களையும் வயது, நோய்நிலை ஒத்தவாறு ஜோடி சேர்த்து ஒப்பிட்டது. சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில். சித்தப்பா சொன்ன தெருக்காரருக்குக் கிட்னி போனது டையாலா, மாரடைப்பாலா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

ஆனாலும் அபாயம் பூஜ்யம் என்று சொன்னால் அதுவும் ஒரு தவறான நம்பிக்கை. அமெரிக்காவில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட சுமார் 9.85 லட்சம் பேரின் பதிவுகளில், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்கள் 7 விழுக்காடு. புதிதாக டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் ஆயிரத்தில் 3 பேர். வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தால் நால்வரில் ஒருவருக்குப் பாதிப்பு, நூற்றில் சுமார் 4 பேருக்கு டயாலிசிஸ். இதுதான் உண்மையான அளவு. மருத்துவர் கையெழுத்துக் கேட்கும்போது நூற்றில் இந்த நான்கு பேரைச் சொல்வது சரி. எதிர்த்தட்டில், மாரடைப்பைத் திறக்காமல் விட்டால் ஆகும் மரணத்தையும் வைக்க வேண்டும். எஸ்.டி. ஏற்றத்தோடு வந்த முழு அடைப்பு என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் பெரும்பாலும் சந்தேகமே இல்லை.

டையைச் சமாளிக்க என்ன செய்வார்கள்? முன்பெல்லாம் அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை கொடுத்தார்கள், சோடியம் பைகார்பனேட் ஏற்றினார்கள். 2018-இல் வெளியான ‘பிரிசர்வ்’ ஆய்வில் சுமார் 5,000 பேரிடம் சோதித்ததில் இரண்டாலும் சாதாரண உப்புநீரைத் தாண்டிப் பலன் எதுவுமில்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த மருந்தை இன்னும் சில இடங்களில் எழுதித் தருகிறார்கள், பழக்கதோஷம். உண்மையில் உதவுவது எளிய சிக்கனம்தான். டையின் அளவை மில்லியில் எண்ணிச் செலுத்துவது. வடிகட்டும் திறன் எண்ணைப் போல மூன்று மடங்குக்குள் நிறுத்துவது ஒரு கணக்கு. 30 என்றால் 90 மில்லி. கீழறையை டை போட்டுப் படமெடுப்பதை விட்டுவிட்டு எக்கோவில் பார்த்துக்கொள்வது. குழாய்க்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்டால் அளந்து ஸ்டென்ட் வைப்பது. ரத்தக்குழாய்கள் பலவற்றில் அடைப்பு இருந்தால், உயிரை வாங்கும் ஒன்றை இன்று திறந்துவிட்டு மற்றதைச் சில நாள் கழித்துப் பார்ப்பது. நீர்ச்சத்து குறையாமல் உப்புநீர் ஏற்றுவது, ஆனால் நுரையீரலில் நீர் கோத்திருப்பவருக்கு அதையே அள்ளி ஊற்றக் கூடாது. கூடவே டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகளை நிறுத்துவது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி வருடக்கணக்கில் விழுங்கும் அந்த மாத்திரை கிட்னிக்கும் எதிரி, இதயத்துக்கும் எதிரி. அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

சிறுநீரே வராத டயாலிசிஸ் நோயாளியின் விஷயத்தில் இந்தப் பயத்துக்குப் பொருளே இல்லை. காப்பாற்ற வேண்டிய கிட்னி அங்கே மிச்சமில்லை. டையை வெளியேற்ற அன்றே ஓடிப்போய் டயாலிசிஸ் செய்யவும் தேவையில்லை. உடம்பில் நீர் அதிகமானால் ஒழிய, வழக்கமான முறை வரும்போது செய்தால் போதும்.

“அப்படின்னா எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் வெச்சிடலாமே”

பயத்தை விரட்டினால் பேராசை உள்ளே வந்துவிடும். கடுமையான சிறுநீரக நோயுள்ள 777 பேரிடம், அதாவது திறன் 30-க்குக் கீழே உள்ளவர்களிடமும் டயாலிசிஸில் இருப்பவர்களிடமும், நடத்திய ‘இஸ்கீமியா–சி.கே.டி.’ சோதனை 2020-இல் வெளியானது. ஆஞ்சியோ செய்து தேவைப்பட்டால் ஸ்டென்டோ பைபாஸோ என்பது ஒரு வழி, மருந்தோடு மட்டும் இருப்பது இன்னொரு வழி. மூன்றாண்டில் மரணம் அல்லது மாரடைப்பு ஒரு பக்கம் 36.4 விழுக்காடு, மறுபக்கம் 36.7. வித்தியாசமே இல்லை. ஆஞ்சியோ பக்கத்தில் பக்கவாதம் அதிகம், மரணமோ டயாலிசிஸோ நேர்வதும் அதிகம்.

இந்த முடிவைக் காட்டித்தான் சிலர், “பாத்தீங்களா, கிட்னி நோயாளிக்கு ஆஞ்சியோவே தப்பு” என்கிறார்கள். அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் நிலையான இதய நோயாளிகள். நடக்கும்போது வலி, நின்றால் சரி என்று மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருப்பவர்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. கொழுப்புப் படிவம் வெடித்து, ரத்தக்கட்டி அடைத்து, இ.சி.ஜி. மாறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அந்த முடிவைப் பொருத்துவது, காய்ச்சல் மருந்தின் சோதனையை எலும்பு முறிவுக்குப் பொருத்துவது மாதிரி.

மாரடைப்பு வந்த சிறுநீரக நோயாளிகளைப் பற்றி நம்மிடம் உள்ளது பெரும்பாலும் பதிவேட்டுத் தரவுதான். எஸ்.டி. ஏற்றம் இல்லாத மாரடைப்போடு வந்த 23,262 பேரைப் பார்த்த சுவீடன் பதிவேடு 2009-இல் சொன்னது: சீக்கிரம் அடைப்பை நீக்கியவர்கள் ஓராண்டு முடிவில் கூடுதலாக உயிரோடிருந்தார்கள். மிதமான சிறுநீரக நோயிலும் இந்தப் பலன் தெரிந்தது. திறன் குறையக் குறையப் பலனும் மங்கி, 15-க்குக் கீழேயும் டயாலிசிஸிலும் தெளிவாகத் தென்படவில்லை. அங்கே ஒரே பதில் கிடையாது. நோயாளியின் வயது, தெம்பு, ரத்தசோகை, அவர் என்ன விரும்புகிறார் என்பதையெல்லாம் வைத்து இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். சேர்ந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். தனித்தனியாக எழுதிய இரண்டு சீட்டுகளோடு நோயாளியை அலையவிடுவதே நம் ஊர் வழக்கமாக இருக்கிறது.

தரவு ஏன் இவ்வளவு குறைவு? இதய நோய் மருந்துச் சோதனைகளை அலசி 2006-இல் வந்த ஒரு கட்டுரை, அவற்றில் 56 விழுக்காடு சிறுநீரக நோயாளிகளை விலக்கியே நடந்தன என்றது. சோதனையில் சேர்ப்பதில்லை, அப்புறம் ‘இவர்களுக்கு ஆதாரம் இல்லை’ என்று சிகிச்சையைக் குறைக்கிறோம்.

“கிரியாட்டினின் ஏறிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டோம்”

வீடு திரும்பிய பிறகு நடக்கும் கதை இது. இதயம் பலவீனமானவர்களுக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை எழுதுவார்கள். தொடங்கிய இரண்டாவது வாரம் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 விழுக்காடு வரை ஏறுவது எதிர்பார்த்ததே, வடிகட்டிக்குள் அழுத்தம் குறைந்ததன் அடையாளம். அதைத் தாண்டினாலோ, பொட்டாசியம் ஏறினாலோதான் கவலை. நிறுத்தினால் கிட்னி மீளுமா என்று திறன் 30-க்குக் கீழான 411 பேரிடம் சோதித்தார்கள். 2022-இல் வந்த விடை: நிறுத்தியதால் சிறுநீரகம் தேறவில்லை.

பொட்டாசியம் என்றதும் ஒன்று. மாத்திரையைக் குறை சொல்லும் வீட்டில், “கிட்னிக்கு நல்லது” என்று காலையில் வாழைத்தண்டுச் சாறும் வெயிலுக்கு இளநீரும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடிய கூட்டணி அது.

கொழுப்பு மாத்திரை விஷயத்தில் குழப்பம் இன்னும் நுணுக்கமானது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் புதிதாக ஸ்டாட்டின் தொடங்கிப் பார்த்த ஜெர்மனியின் ‘4டி’ சோதனையும் (2005), ‘அரோரா’வும் (2009) பலனைக் காட்டவில்லை. டயாலிசிஸுக்கு வராதவர்களும் அதிகமாக இருந்த, 9,270 பேர் பங்கேற்ற ‘ஷார்ப்’ சோதனையில் (2011) சிம்வாஸ்டாட்டினும் எசிடிமைபும் சேர்ந்து ரத்தக்குழாய் அடைப்பு நிகழ்வுகளை 17 விழுக்காடு குறைத்தன. அதனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர், டயாலிசிஸ் தொடங்கியதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளில் அட்டினலால் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. பழுதான கிட்னியில் அது தேங்கி நாடித்துடிப்பை நாற்பதுக்கு இறக்கிவிடும். மெட்டோபிரலாலும் கார்வெடிலாலும் கல்லீரல் வழியாகச் செல்பவை. பல வருடமாக அட்டினலால் சாப்பிடுபவர் கிரியாட்டினின் ஏறிய பிறகும் அதையே பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தால், சீட்டு எழுதிய தேதியை ஒருமுறை பார்க்கவும்.

கடைசியாகக் கை பற்றி. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தால் ரத்தக்கசிவு குறைவு, சிறுநீரகப் பாதிப்பும் சற்றுக் குறைவு. ஆனால் நாளைக்கு டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட, அதாவது கையில் தமனியையும் சிரையையும் இணைக்க, அதே ரத்தக்குழாய்தான் தேவைப்படும். ஃபிஸ்டுலா உள்ள கையிலும், போடப்போகும் கையிலும் குழாய் நுழைக்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, ரத்த அழுத்தப் பட்டையும் சுற்றக் கூடாது. நள்ளிரவு அவசரத்தில் இதைக் கேட்க யாருக்கும் நேரமிருக்காது. உள்ளே கொண்டுபோகும் முன், “இந்தக் கை வேண்டாம், கிட்னிக்காக வெச்சிருக்கோம்” என்று மகன்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, தாளில் கையெழுத்துப் போடும்போது இன்னொன்றும் கேட்கலாம்: “எத்தனை மில்லி டை ஆகும் டாக்டர்?”